41 என்று மட்டும் செதுக்காதீர்கள்

எங்கள் ஊராட்சித் தலைவர் அவர்களுக்கும், கிராம சபையில் கூடும் பெரியவர்களுக்கும், என் வயதொத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஜனவரி 26ஆம் தேதி கூடிய சபையில், பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்போகும் கல்லின் வாசகத்தைப் படித்துக் காட்டினீர்கள். 'இவ்வூரிலிருந்து இராணுவத்தில் சேர்ந்து நாட்டுக்குத் தொண்டாற்றிய 41 வீரர்களின் நினைவாக' என்று ஒரு வரி. அதற்குக் கீழே திறந்துவைப்பவர், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர்கள், நன்கொடை அளித்தவர்கள் என்று பதினொரு பெயர்கள். நான் பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

அந்த 41 என்ற எண் என் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. எத்தனை பேர் என்று ஊராட்சியிலிருந்து கேட்டார்கள், எண்ணிச் சொன்னேன். யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நானாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு. அதைச் சரிசெய்வதற்காகவே இந்த மடல்.

தாத்தாவைத் தெரியாதவர் ஊரில் குறைவு. சென்ற ஐப்பசியில், 81ஆவது வயதில் அவர் போனபோது மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றீர்கள். அதை எங்கள் குடும்பம் மறக்காது. ஆனால் 'மிலிட்டரிக்காரர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் இராணுவத்தில் என்ன வேலை செய்தார் என்பதே பலருக்குத் தெரியாமல் போய்விட்டது. துப்பாக்கி பிடித்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். துப்பாக்கியும் பிடித்தார்தான். ஆனால் அவருடைய வேலை வழி திறப்பது.

சீனப் போர் முடிந்து படையைப் பெருக்கிய நேரத்தில், 1963இல், 19 வயதில் பெங்களூருக்கு ரயில் ஏறினார். கூடவே அடுத்த தெருவைச் சேர்ந்த அவருடைய கூட்டாளி. இருவரையும் ஒரே நாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் எடுத்துக்கொண்டார்கள். 1780இல் தொடங்கிய பழைய படை அது. அல்சூர் ஏரிக்கரையில் அதன் தலைமையிடம். அந்தப் படையினரை இராணுவம் முழுவதும் 'தம்பி' என்றுதான் அழைக்கும். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது, இவைதான் சாப்பர்களின் தொழில். தச்சு வேலை தெரியும் என்பதால் தாத்தாவைத் தச்சராகச் சேர்த்தார்கள். 1981இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 18 ஆண்டுகள்.

அந்த 18 ஆண்டுகளும் ஆயாவுக்கு அவர் ஒரு முகவரி மட்டும்தான். எண், பதவி, படைப்பிரிவு, அதன் பிறகு 56 ஏ.பி.ஓ. என்ற இராணுவத் தபால் நிலையக் குறி. அவ்வளவே. காஷ்மீரா, அசாமா என்று அந்த முகவரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விடுமுறை முடிந்து காட்பாடியில் ரயில் ஏறினால், தொடக்க ஆண்டுகளில் ஜம்மு வரை தண்டவாளம் கிடையாது. பதான்கோட்டில் இறங்கி இராணுவ லாரி பிடிக்க வேண்டும். மாதம் ஒரு மணியார்டர் வரும். அதில் பாதி அவருடைய தம்பிகளின் படிப்புக்கு, மீதியில் ஆயா மூன்று பிள்ளைகளை வளர்த்தார், கிணற்றை ஆழப்படுத்தினார், கடலை விதைத்தார்.

நான் அவரை அறிந்ததெல்லாம் தாத்தாவாகத்தான். அம்மாவும் அப்பாவும் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். எனக்குத் தலை பின்னிவிட்டது தாத்தா. கயிறு திரித்துப் பாலம் கட்டிய கை அது. பின்னலை அவர் முறுக்கினால் இரவு வரை ஒரு மயிர் கலையாது. பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் யார் பின்னியது என்று கேட்பார்கள். கோடை விடுமுறையில் பேரன் பேத்திகள் ஏழு பேரும் மொட்டை மாடியில் படுப்போம். விளக்கை அணைப்பதற்கு முன் அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 'உள்ளேன்' என்று சொன்னால்தான் அடுத்த பெயர். ஒரு நாள் என் அத்தை மகன் சலித்துப்போய், "தலையை எண்ணினால் போதாதா தாத்தா, ஏழு இருக்கிறதே?" என்றான்.

"எண்ணிக்கையில் பக்கத்து வீட்டுப் பையனும் ஒன்றுதான். நீ இருக்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தாத்தா.

எனக்கு எட்டு வயது இருக்கும். களத்து மேட்டில் விளையாடும்போது ஒரு காதின் கம்மல் திருகாணியோடு கழன்று விழுந்துவிட்டது. ஆயா காது குத்துக்குப் போட்ட தங்கக் கம்மல். அழுதுகொண்டே மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டேன். தாத்தா வந்து முதலில் செய்தது என்னைத் தூக்கி வரப்பில் நிறுத்தியதுதான். "அசையாதே. மிதித்தால் இன்னும் ஆழமாகப் போகும்" என்றார். வீட்டிலிருந்து பாவாடை நாடாச் சுருளைக் கொண்டு வந்தார். நான்கு குச்சி நட்டு, ஒரு கை அகலத்துக்கு வெள்ளை நாடாவை இரு பக்கமும் நீளமாகக் கட்டினார். பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வயிற்றில் படுத்தார். கம்பியை நேராகக் குத்தாமல், மண்ணுக்குள் சாய்வாக, மெதுவாக நுழைத்தார். எடுத்தார். இரண்டு விரல் தள்ளி மறுபடி நுழைத்தார். ஒரு வரிசை முடிந்ததும் ஒரு சாண் முன்னே நகர்ந்தார். நாடாவுக்குள், அவர் தாண்டிய இடத்தில் மட்டும் நான் கால் வைக்கலாம்.

அன்று இருட்டும் வரை தேடினார். மறுநாள் காலை ஐந்தரைக்கு மறுபடி படுத்தார். நாடாவை மூன்று முறை நகர்த்திக் கட்டினார். சாயங்காலம் ஏதோ ஓர் இடத்தில் கம்பி நின்றது. அவர் மூச்சும் நின்றது போல இருந்தது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சுண்டுவிரலால் பக்கவாட்டிலிருந்து மண்ணை விலக்கினார். மேலிருந்து அல்ல, பக்கவாட்டிலிருந்து. கம்மல் பளிச்சென்று தெரிந்தது. நான் குதித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. அப்படியே கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் படுத்திருந்தார்.

அன்று இரவுதான் பசந்தர் ஆற்றைப் பற்றி முதன்முதலாகச் சொன்னார்.

1971 டிசம்பர், பாகிஸ்தானோடு நடந்த போர். எல்லையை ஒட்டிய சகர்கர் பகுதி. ஆற்றைத் தாண்டினால் மறுபக்கம் பல நூறு கஜ தூரத்துக்குக் கண்ணிவெடி புதைத்த நிலம். டாங்குகள் போவதற்கு அதில் ஒரு பாதை வெட்டித் தர வேண்டியது சாப்பர்களின் பொறுப்பு. டிசம்பர் 15ஆம் தேதி இரவு, குளிரில், குண்டு வீச்சுக்கு நடுவே வேலை தொடங்கியது. பாதை முடிவதற்குள்ளேயே எதிரி டாங்குகள் வருகின்றன என்று முன்னால் இருந்த காலாட்படை அபயம் கேட்டது. பூனா ஹார்ஸ் படையின் டாங்குகள் காத்திருக்காமல், பாதி திறந்த நிலத்திலேயே இறங்கிப் போயின. மறுநாள் அங்கேதான் 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் போரிட்டு மடிந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அவருடைய கதையை நாடே அறியும். அறிய வேண்டியதுதான். ஆனால் அந்த டாங்குகள் இறங்கிய பாதையைத் திறந்தவர்களில் ஒருவர் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி என்பதும், அந்தப் போரில் உயிர்விட்ட அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? அதிகாரிகளுக்கே இப்படியென்றால், வெள்ளை நாடாவைப் பிடித்துக்கொண்டு முன்னால் போன சாப்பர்களை யார் கேட்கப்போகிறார்கள்?

தாத்தாவோடு ஒரே ரயிலில் போன கூட்டாளி அந்தப் போரிலிருந்து திரும்பவில்லை. அதற்கு மேல் தாத்தா அன்று எதுவும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்தக் கூட்டாளியின் வீடு இருந்த இடத்தில் இப்போது மாவு மில் இருக்கிறது. அவருடைய தாயார் இறந்ததோடு குடும்பம் முடிந்துவிட்டது. அவர் பெயரைச் சொல்ல இந்த ஊரில் தாத்தா ஒருவர்தான் இருந்தார். தாத்தாவும் போய்விட்டார்.

நான் வேலை நிமித்தமாக டெல்லி போனபோது, 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்துக்குப் போனேன். தியாக சக்கரம் என்று வட்ட வட்டமாகக் கருங்கல் சுவர்கள், 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை. அரை நாள் தேடி அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, செல்பேசியில் படம் பிடித்து வந்து தாத்தாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். "எழுத்துப் பிழை இல்லை" என்றார். அது ஒன்றுதான் சொன்னார். அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் கறுப்பு இரும்புப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எழுத்துப் பிழை என்று அவர் ஏன் சொன்னார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வு பெற்று வந்த பின் அவர் செய்த வேலையில் பாதி, ஊரிலிருந்த பட்டாளத்தார் வீட்டுப் பெண்களுக்குப் படிவம் எழுதியதுதான். கணவர் இறந்ததும் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். படையில் சேர்ந்த நாளில் யாரோ ஒரு கிளார்க் மனைவியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அது ரேஷன் அட்டையோடு ஒத்துப்போகாது, பிறகு வந்த ஆதார் அட்டையோடும் ஒத்துப்போகாது. கல்யாணமும் பிள்ளைப்பேறும் படையின் ஆணையில் முறையாகப் பதிவாகியிருக்காது. ஓர் எழுத்துக்காக அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். தாத்தா அவர்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். டிக்கெட்டுக்கும் அவர்தான் காசு கொடுப்பார்.

அதே பிழை எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆயாவின் பெயர் பதிவேட்டில் 'அம்மா' என்று முடிந்தது. ஆயாவின் பெயர் 'அம்மாள்'. ஒரே ஒரு 'ள்'. எந்த அலுவலகம் என்று சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுகள், மூன்று பிரமாணப் பத்திரங்கள். "நான் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிட வேண்டும். நான் போன பிறகு அவள் யாரென்று அவளே நிரூபிக்கும்படி விடக் கூடாது" என்றார். சரிசெய்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சென்ற கார்த்திகையில் ஆயாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தடையின்றி வந்தது.

அந்த அலைச்சல் நடந்த காலத்தில்தான் நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினார். நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் சேர்ந்த ஆண்டும் படைப்பிரிவும். மூன்றாவது பத்தியின் தலைப்பைப் பாருங்கள்: 'மணியார்டர் வாங்கியவர்'. மனைவி, தாயார், சில இடங்களில் அக்கா. ஒவ்வொருவர் பெயரும் முழுதாக எழுதியிருக்கிறது. ஏன் இந்தப் பத்தி என்று நான் கேட்டேன். "நாங்கள் அங்கே நின்றோம். இங்கே நிலத்தையும் மாட்டையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நின்றது யார்?" என்று திருப்பிக் கேட்டார். ஆயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். பதில் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நினைவிருந்திருக்காது.

வேலூர் லாங் பஜாருக்குப் பெட்டிக் கீல் வாங்கப் போனபோது ஒரு முறை மணிக்கூண்டின் கீழ் என்னை நிறுத்தினார். அதில் ஒரு கல் இருக்கிறது. 1914இல் தொடங்கிய உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. "படித்தாயா? இப்போது அந்த 14 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லு" என்றார். நான் கல்லைச் சுற்றி வந்து பார்த்தேன். பெயர் எதுவும் இல்லை. வெள்ளைக்காரன் தனக்காகச் செத்தவர்களை எண்ணி வைத்தான். அவனுக்குக் கணக்கு போதும். நமக்கு எப்படிப் போதும்? அவர்கள் நம் கொள்ளுத்தாத்தாக்கள் அல்லவா? இன்று வேலூரில் யாருடைய வீட்டுக் கொள்ளுத்தாத்தா அந்த 14இல் ஒருவர் என்று அந்தக் கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம் ஊர்ப் பக்கத்துக் கல்வெட்டுப் பழக்கம் இது அல்ல. சங்கப் பாட்டில் நடுகல்லைப் பற்றிச் சொல்லும்போது வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதினார்கள் என்றுதான் வருகிறது, பெயர் முதலில். கல்லூரியிலிருந்து செங்கம் பகுதி நடுகற்களைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார்கள். அங்கே எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல். அவனுக்குப் பின்னால் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் இருந்ததாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தாத்தா கேட்ட முதல் கேள்வி, "நாய்க்குப் பெயர் போட்டிருக்கிறார்களா?"

போட்டிருக்கிறார்கள். கோவிவன்.

பெரியோர்களே, ஒரு மாட்டுக்காரனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் செதுக்கிய மண்ணில் இருந்துகொண்டு, பனியிலும் கண்ணிவெடியிலும் நின்ற நம் ஊர் ஆட்களை 41 என்று ஒரே எண்ணில் முடித்துவிடலாமா?

சபையில் சிலர் தனியாக என்னிடம் சொன்ன காரணங்களையும் கேட்டேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி, கல்லில் இடம் போதாது என்றார்கள். பதினொரு பெயர்களுக்கு இடம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் கல்லின் பாதி காலியாகும். மீதி எழுத்துக்கூலியை எங்கள் குடும்பம் தருகிறது, அதற்காக எங்கள் பெயரை நன்கொடையாளர் வரிசையில் போட வேண்டாம். இறந்தவர்களுக்குத்தானே கல், உயிரோடு இருப்பவர்கள் பெயரை எப்படிப் போடுவது என்றார்கள். 41 பேரில் களத்தில் இறந்தவர்கள் மூன்று பேர். மற்ற 38 பேரும் அதே பாதையில்தான் நடந்தார்கள். உயிரோடு திரும்பினார்கள் என்பதற்காக யாரை விடுவது?

உண்மையான தயக்கம் வேறு என்று எனக்குத் தெரியும், அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். யார் பெயர் முதலில் என்பதுதான். எந்தத் தெரு முதலில், ஊரா காலனியா. இதற்குத் தாத்தா வழி செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நோட்டில் பெயர்கள் படையில் சேர்ந்த ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. முதல் வரியில் இருப்பவர் காலனியைச் சேர்ந்தவர். 1942இல் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனவர். நம் ஊரில் முதலில் போனவர் அவர்தான், ஆகவே முதலில் நிற்க வேண்டியவரும் அவர்தான். லங்கர் என்னும் ஒரே படைச் சமையற்கூடத்தில் ஒரே ரொட்டி தின்றவர்களைக் கல்லில் தெருவாரியாகப் பிரித்தால், அதைவிடக் கல்லே நடாமல் இருக்கலாம்.

இந்த மடலில் நம் ஊர் வீரர் ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெயர்கள் அந்தந்த வீட்டாருக்குச் சொந்தம். அவர்கள் முன்னிலையில், அவர்கள் சம்மதத்தோடு, சபையில்தான் முதலில் ஒலிக்க வேண்டும். அடுத்து சபை கூடும் மே 1 அன்று நோட்டைக் கொண்டு வருகிறேன். 41 பெயர்களையும் படிக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் 'உள்ளேன்' என்று சொன்னால் போதும். சொல்ல ஆளில்லாத மாவு மில் வீட்டுக்காரருக்கு நான் சொல்கிறேன். 9ஆவது வரியிலும் 26ஆவது வரியிலும் கூப்பிடும் பெயர்தான் இருக்கிறது, முழுப்பெயர் இல்லை. மேட்டுத் தெருவில் வயதானவர்கள் யாருக்காவது தெரிந்தால் அதற்குள் எனக்குச் சொல்லியனுப்புங்கள். கல் ஆகஸ்ட் 15க்குத் தயாராக வேண்டும் என்றால், சிற்பியிடம் பட்டியலைக் கொடுக்க ஜூன் மாதமே சரி.

மூன்றாவது பத்தியையும் சேர்த்துச் செதுக்கக் கேட்டுக்கொள்கிறேன். தாத்தா 17ஆவது வரியில் இருக்கிறார். தன் பெயரைப் பெரிதாகவும் எழுதவில்லை, விட்டுவிடவும் இல்லை. 1963இல் அவர் இடம் எதுவோ அங்கே இருக்கிறார். அதே வரியின் கடைசியில் ஆயாவின் பெயர் இருக்கும். சிற்பிக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதில் 'ள்' விட்டுப்போகக் கூடாது.

இப்படிக்கு,
17ஆவது வரிக்காரரின் பேத்தி